தாய்மாமன் பெயரை நிரப்பவும்

கோகிலவாணிக்குப் புதுப் பிரவுசர் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். சிலருக்குப் புதுப்புடவை, சிலருக்குப் புதுப்படத்தின் முதல் காட்சி. வாணிக்கு யாரும் இன்னும் திறக்காத மென்பொருள் ஒன்றை முதல் ஆளாகத் திறந்து, அதன் மூலை முடுக்கெல்லாம் அழுத்திப் பார்க்க வேண்டும். கோவை சரவணம்பட்டியில் பால்கனியை மறைத்துக் கட்டிய ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு 'போட்டுப் பார்ப்போம்' என்ற சேனலை அவள் நடத்திவந்தாள். வாணி தலையாட்டினால் மறுநாள் பாதி ஊர் அந்த மென்பொருளை இறக்கி வைத்திருக்கும். உதட்டைப் பிதுக்கினால் அந்தக் கம்பெனிக்கு அன்றைக்கே சனி பிடித்துவிட்டதென்று அர்த்தம்.

இத்தனை கெட்டிக்காரிக்கு ஒரே ஒரு வியாதி. திறந்த டேப்பை மூட மாட்டாள். அவளுடைய மடிக்கணினியில் டேப்புகள் நெருங்கி நெருங்கி, ஒவ்வொன்றும் நகத்தளவாகி, எது எதுவென்றே தெரியாமல் வரிசையாக நிற்கும். பிரவுசர் மாற்றும்போதெல்லாம் அத்தனையையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் குடிபோவாள். கணவன் கௌதமன் மோட்டார் பம்பு கம்பெனியில் வடிவமைப்பாளன். இரண்டு டேப்புக்கு மேல் திறந்தால் மூச்சு முட்டுகிற ஆள். அவன் அந்தக் கணினியைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் டேப்புகளின் பாரத்தில் கை வலிப்பதுபோல் நடிப்பான். வாணி கண்டுகொள்ளவே மாட்டாள்.

அப்படிப்பட்டவள் கையில்தான் 'நிறைவி' வந்து விழுந்தது.

ஓட்டுநர் இல்லாத பேருந்து காந்திபுரத்திலிருந்து ஓட ஆரம்பித்திருந்த காலம் அது. பிரவுசர்கள் படித்துச் சொல்லும், சுருக்கிச் சொல்லும், வாதாடவும் செய்யும். நிறைவி அவற்றில் எதையும் பெரிதாகச் செய்யவில்லை. நீங்கள் பாதியில் விட்டதை அது முடித்து வைக்கும், அவ்வளவுதான். திறந்து போட்ட டேப் ஒவ்வொன்றையும் பார்த்து, எதற்காகத் திறந்தீர்கள், எந்த இடத்தில் நின்றீர்கள், முடிக்க என்னென்ன வேண்டும் என்று உங்களுடைய மற்ற விவரங்களிலிருந்தே திரட்டி, காரியத்தை நடத்திவிட்டு டேப்பை மூடிவிடும். வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு, அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும். முதல் அழைப்பே வாணிக்கு வந்திருந்தது.

சோதனைக்கென்று தனியாக ஒரு பழைய கணினி வைத்திருக்கிறாள் வாணி. பொய்ப் பெயர், பொய் முகவரி, பொய்ப் பிறந்தநாள் எல்லாம் அதில்தான். புதுச் சரக்கு எதுவானாலும் முதலில் அதில்தான் இறங்கும், அது அவள் தொழில் தர்மம். அன்றைக்கு ஆர்வம் கண்ணை மறைத்துவிட்டது. சொந்தக் கணினியிலேயே இறக்கினாள். 'பழைய பிரவுசரிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவரவா' என்ற கேள்விக்கு, எல்லாரும் அழுத்துவதைப்போல, படிக்காமலே அழுத்தினாள்.

அடுத்த சில மணி நேரம் வீட்டில் திருவிழாதான். மின் இணைப்பு இன்னும் வீட்டின் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தது, மாறியது. வாணி வாங்காமலே விட்டிருந்த பட்டச் சான்றிதழ் பல்கலைக்கழகத்திலிருந்து தபாலில் கிளம்பியது. ஜப்பானிய மொழி வகுப்பில் இடம் கிடைத்தது. கௌதமனின் பழுதான கைக்கடிகாரத்துக்குச் சேலத்தில் யாரோ ஒருவரிடம் உதிரிபாகம் அகப்பட்டது. ஒவ்வொரு டேப் மூடும்போதும் மெல்லிய குரலில் "ஆச்சு. அடுத்தது?" என்றது நிறைவி. அந்த இரண்டு சொல்லைக் கேட்கும்போதெல்லாம் வாணிக்கு ஏனோ சிரிப்பு வந்தது. எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது. யோசிக்க எங்கே நேரம், அதற்குள் அடுத்தது முடிந்திருந்தது.

மூச்சு வாங்க வாங்க ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்து போட்டாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றாள். தனக்குக் கிடைத்த அழைப்புகளைப் பார்வையாளர்களுக்கு அள்ளிக் கொடுத்தாள். சொந்தக் கணினியில் போட்டதை மட்டும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

காலையில் காங்கேயத்திலிருந்து சித்தி போன் செய்தாள். தேதி குறித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ஆரம்பித்து, ஆனாலும் மனசு குளிர்ந்துவிட்டது என்று முடித்தாள். வாணிக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்து பெரியம்மா. அடுத்து கௌதமனின் அக்கா. மூன்றாவது போனில்தான் விஷயம் பிடிபட்டது. வாணி கணினியைத் திறந்து பார்த்தாள்.

குலதெய்வக் கோயில் மண்டபத்தில் மகள் மிருதுளாவுக்குக் காதுகுத்து. வருகிற ஆவணியில் முகூர்த்தம். சொந்தபந்தம் எல்லாருக்கும் அழைப்பு போயாயிற்று. படிவத்தில், பல வருஷமாகக் காலியாகக் கிடந்த அந்தக் கட்டத்தில், 'தாய்மாமன் பெயரை நிரப்பவும்' என்ற வரிக்கு நேரே 'பூபதி' என்று இருந்தது.

பூபதி அவளுடைய ஒரே அண்ணன். இந்தப் பிரவுசர்ப் பைத்தியத்தை அவளுக்கு ஒட்டவைத்தவனும் அவன்தான். பொள்ளாச்சியில் ஒரே மேசையில் இரண்டு கணினி போட்டு, உலகத்தில் எது புதிதாக வந்தாலும் இறக்கிப் பார்த்து, குறை சொல்லி வளர்ந்தவர்கள். பிறகு தாங்களே ஒன்று எழுதினார்கள். பெயர் 'விட்ட இடம்'. எந்தப் பக்கத்தை எந்த வரியில் விட்டீர்களோ, மறுபடி திறக்கும்போது அதே வரியில் கொண்டுபோய் நிறுத்தும், பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்னச் சேர்மானம். வாணி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்தில் ஒரு பெங்களூர்க் கம்பெனி அதைக் கேட்டது. பூபதி தன் பெயரை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு, பொள்ளாச்சி வீட்டில் இருந்தபடியே அவர்களிடம் வேலைக்கும் சேர்ந்துவிட்டான். குழந்தையைப் பார்க்க அவன் வந்தபோது, சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த அந்த அறையில் வைத்து வாணி சொன்னாள், இந்தப் பிள்ளை உன் மடியில் உட்காராது என்று.

தாய்மாமன் மடியில் உட்காராமல் அவர்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கும் காது குத்துவதில்லை. வேறு யார் மடியிலும் உட்கார வைக்க வாணிக்கு மனசு வரவில்லை. கோயில்காரர்கள் முன்பதிவுக்குப் புதிதாகத் தளம் ஆரம்பித்தபோது, புதுத் தளமாயிற்றே என்று நுழைந்து எல்லாவற்றையும் நிரப்பி, அந்த ஒரு கட்டத்தில் நின்றவள்தான். பக்கத்தை மூடவும் இல்லை, முடிக்கவும் இல்லை. மிருதுளாவுக்கு இப்போது ஏழு வயது. வகுப்பில் அவள் காது மட்டும்தான் வெறுங்காது. பளபளக்கும் ஒட்டுப்பொட்டுகளைக் காதில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள், வேர்வையில் அதில் ஒன்று கன்னத்துக்கு இறங்கியிருக்கும்.

விஷயம் காதில் விழுந்த நிமிஷத்திலிருந்து மிருதுளா தரையில் கால் வைக்கவில்லை. மாமா மடியிலா, எந்த மாமா, அவருக்கு மீசை உண்டா, வலித்தால் மடியிலேயே அழலாமா என்று கேட்டபடி வீடெங்கும் குதித்தாள்.

ரத்து செய்துவிடலாமா என்று கௌதமன் சமையலறைக்குள் வந்து தணிந்த குரலில் கேட்டான். குழந்தை முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை எப்படிச் செய்வதாம்? செய்யாமலும் இருக்க முடியாது. அண்ணனுக்குக் கோயில் தளம் தானாகவே ஒரு செய்தி அனுப்பியிருந்தது, 'தாங்கள் தாய்மாமனாகப் பதிவு செய்யப்பட்டுள்ளீர்கள்' என்று. வெற்றிலைத் தட்டோடு நேரில் போய் அழைக்க வேண்டியவனுக்கு மின்கட்டண ரசீது போல ஒரு குறுஞ்செய்தி. பழைய அவமானத்தின் தலையில் புது அவமானம் ஏறி உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது.

வாணி நிறைவியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். ஷெரின் என்ற நாகர்கோவில் பெண் எடுத்தாள். நல்ல பெண், சேனலைத் தவறாமல் பார்ப்பவள். வாணிக்கு இருந்த கோபத்தில் அதெல்லாம் காதில் ஏறவில்லை.

"ஒரு வார்த்தை கேக்காம எப்படீங்க முடிப்பீங்க?"

"திறந்து வச்சிருந்தா அது பாக்கி வேலைன்னு அதுக்கு அர்த்தம், மேடம்" என்றாள் ஷெரின். "யாரும் ஆசையில்லாம ஒரு பக்கத்த வருஷக்கணக்கா திறந்து வச்சிருக்க மாட்டாங்க. செய்ய நேரமில்ல, சோம்பல், இல்ல பயம். அதைத்தான் நிறைவி எடுத்துப் போடுது."

"மூட மனசில்லாம வெச்சிருக்கறதும் உண்டுங்க. முடிக்கறதுக்கில்ல."

ஷெரின் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். முதல் மாதிரியில் ஒவ்வொரு டேப்புக்கும் 'முடிக்கலாமா' என்று கேட்கிற வசதி இருந்ததாம். அதைச் செய்ததே தங்கள் குழுதானாம். வெளியிடும் சமயத்தில் மேலிடத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்களாம், காரணம் யாருக்கும் தெரியாதாம்.

வாணி போனை வைத்துவிட்டுத் தன் சேனலைத் திறந்தாள். முந்தின நாள் நிகழ்ச்சிக்குக் கீழே கருத்துகள் குவிந்திருந்தன. பெரும்பாலும் ஆட்டம் பாட்டம்தான். பத்து வருஷமாக இழுத்த பட்டா வந்துவிட்டதாக ஒருவர். தைரியமில்லாமல் எழுதி வைத்திருந்த காதல் செய்தி போய்ச்சேர்ந்து, அந்தப் பெண் சரியென்றுவிட்டதாக ஒருவன். கோபத்தில் தட்டி வைத்த ராஜினாமா போய், மேலதிகாரி அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டுவிட்டதாக ஒருவர், சிரிப்பதா அழுவதா என்று கேட்டிருந்தார். வாணியும் சிரித்துவிட்டாள்.

அதற்கும் கீழே உடுமலையிலிருந்து லீலாவதி என்ற பெண் எழுதியிருந்தாள். அவள் கணவர் இறந்து இரண்டு வருஷம். அவருடைய இணையப் பக்கத்தை நீக்குவதற்கான விண்ணப்பத்தை யாரோ சொன்னதைக் கேட்டு நிரப்ப ஆரம்பித்து, முடியாமல் அப்படியே விட்டிருந்தாள். நிறைவி முடித்துவிட்டது. 'அவர் பேசின வீடியோ எல்லாம் அதுலதாங்க இருந்துச்சு. நீங்க சொன்னீங்கன்னுதான் போட்டேன்' என்று மட்டும் இருந்தது. திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட வாணி தாங்கியிருப்பாள்.

நிகழ்ச்சியை உடனே சேனலிலிருந்து நீக்கினாள். நிறைவியை யாரும் போட வேண்டாம் என்றும், தான் சோதிக்காமலே புகழ்ந்துவிட்டதாகவும் ஒரு சிறிய பதிவு போட்டாள். பிறகு அண்ணனை நேரில் போய் அழைப்பதற்காகக் குளித்து, பட்டுப்புடவை கட்டி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், மஞ்சள் குங்குமம் எடுத்து வைத்தாள். கௌதமன் எதுவும் கேட்காமல் வண்டிச் சாவியை எடுத்தான். மிருதுளா பாட்டுப் பாடிக்கொண்டே பின்சீட்டில் ஏறினாள். அண்ணன் கதவைச் சாத்தினால் பிள்ளை முன்னால் சாத்துவானே என்ற பயம் கிணத்துக்கடவு தாண்டிப் பொள்ளாச்சி சேரும்வரை வாணியைப் பிடுங்கித் தின்றது.

கதவு திறந்தே இருந்தது. அண்ணி வாசலுக்கு ஓடிவந்து மிருதுளாவைத் தூக்கிக்கொண்டாள். கௌதமனும் அவர்களோடு தோட்டத்துப் பக்கம் நழுவினான். உள்ளே அதே மேசை. அதன்மேல் ஒரு பெரிய திரை, அதில் நிறைவியின் உள்வேலைகள் ஓடிக்கொண்டிருந்தன. பூபதி நரைத்திருந்தான். எழுந்து நின்றான், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

"வா அம்மிணி" என்றான்.

வாணி திரையைப் பார்த்தாள். அந்த இரண்டு சொல் எங்கே கேட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. இதே மேசையில், அவள் ஒரு பிழையைத் திருத்தி முடிக்கும்போதெல்லாம், தலையைத் தூக்காமலே அவன் சொல்வது. ஆச்சு, அடுத்தது?

"நீயா பண்ணுனே?"

"நம்ம 'விட்ட இடம்'தான். வளந்து வளந்து இங்க வந்து நிக்குது."

தட்டை நீட்டப் போன கை பின்வாங்கியது. முதல் அழைப்பே தனக்கு வந்தது ஏனென்று இப்போது விளங்கியது. மெதுவாகக் கேட்டாள், அவளிடம் அந்தப் பக்கம் திறந்திருப்பது அவனுக்கு எப்படித் தெரியும் என்று. பூபதி சிரித்தான், சங்கடமான சிரிப்பு. புதிதாக ஒரு தளம் வந்தால் அவளால் உள்ளே போகாமல் இருக்க முடியாது, போனால் தாய்மாமன் பெயரில் நின்றிருப்பாள், நின்றாலும் மூடியிருக்க மாட்டாள். இதைக் கண்டுபிடிக்க ஒரு பிரவுசர் வேண்டுமா என்றான்.

"வந்து கதவத் தட்டியிருக்கலாமில்ல?"

"நீ கூப்பிடாம நான் எப்படி வருவேன்? பத்துப் பேர் முன்னால வெச்சு வேண்டாம்னவ நீ. கூப்பிட வேண்டியவளும் நீதான்."

அவன் அதைச் சொன்ன விதத்தில் துளி வேடிக்கை இல்லை. ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்கு வர முடியாமல், அவளை அழைக்கவைக்க ஊருக்கே ஒரு பிரவுசரை இறக்கிவிட்டவன் எதிரில் நின்றுகொண்டிருந்தான். இந்த ரோஷம் தன் ரத்தத்திலும்தானே ஓடுகிறது என்று நினைத்தபோது வாணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஷெரின் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றது.

"முடிக்கலாமான்னு கேக்கறத எடுக்கச் சொன்னது நீதானா?"

பூபதி தரையைப் பார்த்தான். "குழுவுல இருக்கற புள்ளைங்க அது வேணும்னுதான் சொன்னாங்க. கேட்டா நீ வேண்டாம்னு அழுத்தியிருப்பே, வாணி."

அவள் லீலாவதியைப் பற்றிச் சொன்னாள். அவள் எழுதியதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல். அண்ணனின் முகம் மாறுவதைப் பார்த்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஒரு டேப்பை மட்டும் நினைத்துக்கொண்டிருந்ததாகவும், மற்ற வீடுகளிலும் டேப்புகள் திறந்திருக்கும் என்று தோன்றவே இல்லை என்றும் சொன்னான். அந்தச் சேர்மானத்துக்கு அவள் பெயரையும் போட்டிருக்க வேண்டும், அன்றைக்கும் கேட்காமல்தான் செய்தேன் என்றான்.

"பேரெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள் வாணி. தட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். "அந்தம்மா வீட்டுக்காரர் பக்கம் திரும்பி வரோணும். கேக்கற வசதி திரும்பி வரோணும். அதுல 'இது இப்படியே இருக்கட்டும்'னு இன்னொரு பொத்தானும் வெக்கோணும். அதுக்கப்பறம் வெத்தலை எடுத்துக்கோ."

தாய்மாமனிடம் இப்படி நிபந்தனை போட்டு வெற்றிலை வைத்தவள் அந்த வம்சத்திலேயே இருந்திருக்க மாட்டாள். பூபதி முதலில் ஷெரினைக் கூப்பிட்டு நிறைவி எல்லாருடைய கணினியிலும் உடனே நிற்க வேண்டும் என்றான். கம்பெனியில் யாரோ கத்தினார்கள், அதையும் கேட்டுக்கொண்டான். நீக்கச் சொல்லிப் போன பக்கங்கள் அழிவதற்குக் கொஞ்ச நாள் அவகாசம் இருக்கும், அதற்குள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம். அதற்கு லீலாவதியே சம்மதிக்க வேண்டும். வாணி அவளுக்கு எழுதினாள். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள்.

அண்ணி கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போய், மறுபடி சுடவைத்து, அதுவும் ஆறியது. அண்ணனும் தங்கையும் பழையபடி ஒரே மேசையில் தோள் இடிக்க உட்கார்ந்து, விட்டுப்போன வசதியைத் திருப்பி எழுதிக்கொண்டிருந்தார்கள். புதுப் பொத்தானை அவள்தான் முதலில் அழுத்திச் சோதித்தாள். இரண்டு பிழை கண்டுபிடித்து அவனைக் கேலி செய்தாள். பல வருஷமாக இவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் சோதித்ததில்லை. உடுமலையிலிருந்து பதில் வந்தது. பக்கம் திரும்பி வந்துவிட்டது, அவர் பேசுகிறார், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று.

வாணி எழுந்து, முந்தானையைச் சரி செய்து, தட்டை நீட்டினாள். "மிருதுளாவுக்குக் காதுகுத்து, அண்ணா. நீ வந்து மடியில உக்கார வெக்கோணும்." பூபதி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வெகுநேரம் தட்டைக் கீழே வைக்கவே இல்லை.

நிறைவியை அவன் தனக்குப் போட்டுக்கொள்ளவே இல்லை என்பது கிளம்பும்போதுதான் தெரிந்தது. சோதனைக்குக்கூடச் சொந்தக் கணினியில் போடவில்லையா என்று வாணி தொழில்காரியாகக் கேட்டாள். பயமாக இருந்தது என்றான். அலமாரியிலிருந்து ஒரு பழைய மடிக்கணினியை எடுத்துத் திறந்தான். அதிலிருந்தது, எப்போதோ கைவிடப்பட்ட ஒரு பிரவுசர். அதில் ஒரே ஒரு டேப். நகைக்கடைப் பக்கம், கூடையில் ஒரு ஜோடி சிவப்புக்கல் தோடு, பிஞ்சுக் குழந்தைக்கான அளவு. பக்கத்தில் 'இருப்பில் இல்லை' என்று போட்டிருந்தது. வாணி ஆஸ்பத்திரியில் இருந்த அந்த வாரத்தில் எடுத்து வைத்தது.

"இது அவளுக்கு இப்பப் பத்தாதே, அண்ணா."

"தெரியும்."

"அப்ப மூடேன்."

அவன் கை டேப்பை மூடும் மூலை வரை போனது, அங்கேயே நின்றது. வாணி அதைப் பிடித்து மெல்ல இந்தப் பக்கம் நகர்த்தினாள்.

"இருக்கட்டும் விடு. பக்கத்துல புதுசா ஒண்ணு தெற."

திறந்தான். உள்ளே ஓடிவந்த மிருதுளா கன்னத்தில் வழிந்திருந்த ஒட்டுப்பொட்டைத் துடைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, திரையில் வந்த தோடுகளில் எது வேண்டுமென்று பார்க்க ஆரம்பித்தாள்.